1500-இல் நிற்காத சக்கரம்

தாழ்வாரத்தில் வைத்த வண்டி ஊர்ந்துகொண்டே இருந்தது. வேகம் ஒன்றும் பெரிதில்லை. அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் ஒரு கட்டன்சாயா குடித்து முடித்துவிடலாம். ஆனால் அது நிற்க வேண்டிய நேரம்.

“நில் என்றுதான் எழுதியிருக்கிறேன் பாட்டா, கேட்கமாட்டேன் என்கிறது” என்றாள் பேத்தி. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சனிக்கிழமை காலையில் வடசேரியில் பஸ் ஏறினால் பத்து மணிக்குள் தோவாளையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பாள். பையின் அடியில் பாடப்புத்தகம் இருக்கும். அதன்மேல் ஒயரும் மோட்டாரும் இருக்கும்.

வண்டி என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு சாண் பிளைவுட் துண்டு, இரண்டு பக்கமும் 60 மில்லிமீட்டர் சக்கரம், மூன்றாவது காலுக்குத் தீர்ந்துபோன ரோல்-ஆன் குப்பியின் உருண்டை. சக்கரங்களைச் சுழற்றுவது இரண்டு சின்னஞ்சிறு சர்வோக்கள், அதாவது பற்சக்கரமும் சர்க்யூட்டும் உள்ளேயே அடங்கிய மோட்டார்கள். கட்டளை கொடுப்பது ஓர் ஆர்டுயினோ ஊனோ, நாம் எழுதும் நிரலை ஓட்டும் சின்னக் கணினிப் பலகை.

நான் முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் 24 வருடம் இருந்தவன். இடுப்பில் பெல்ட்டும் தோளில் கருவிப்பையுமாக ஏணி ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்தது. சுழல்வதை நிறுத்துவதும் நின்றதைச் சுழல வைப்பதும்தான் எனக்குச் சோறு போட்ட வேலை. தீப்பெட்டி அளவு மோட்டார் ஒன்று என் வீட்டுத் தாழ்வாரத்திலேயே என் பேச்சைக் கேட்காதது, உண்மையைச் சொன்னால், மானப்பிரச்சினையாகிவிட்டது.

கடைகளில் இந்த வகையை ‘360 டிகிரி சர்வோ’ என்று விற்கிறார்கள். மோசமான பெயர். பெயரை நம்பி, 270 டிகிரிக்குத் திரும்பச் சொன்னால் திரும்பி நிற்கும் என்று வாங்கி ஏமாந்தவர்களில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனும் ஒருவன். இது கோணத்தில் நிற்காது. சுற்றிக்கொண்டே இருக்கும், எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதுவும் முழுசாக நம் கையில் இல்லை என்பதைத்தான் இந்த ஆடி மாதம் முழுக்கக் கற்றுக்கொண்டோம்.

வாங்கிய இரண்டில் ஒன்றின் பல் முதல் வாரமே உடைந்துபோனது. ஓடுகிற சக்கரத்தைப் பிள்ளை கையால் பிடித்து நிறுத்திப் பார்த்திருக்கிறாள். பிளாஸ்டிக் பல் தாங்கவில்லை. என்னிடம் பாதிச் சுற்று மட்டும் திரும்பும் சாதாரண சர்வோ ஒன்று கிடந்தது. அதை முழுச் சுற்று வகையாக மாற்றித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தது நல்லதாகப் போயிற்று. பிரித்தால்தானே உள்ளே நடப்பது தெரியும்.

அடியில் நான்கு நீளத் திருகாணிகள். மேல் மூடியைக் கழற்றினால் வெள்ளை கிரீஸில் நனைந்த பற்சக்கரங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. கடைசிப் பற்சக்கரத்தில் எள் அளவு ஒரு மேடு இருக்கிறது. பாதிச் சுற்றுக்கு மேல் போகாமல் தடுப்பது அதுதான். அதன் தண்டுக்கு நேர் கீழே ஒரு பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகின் குழந்தை என்று வைத்துக்கொள்ளலாம். தண்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சர்க்யூட்டுக்குச் சொல்வது இந்தத் திருகு. நாம் விநாடிக்கு 50 முறை ஒரு மின்துடிப்பை அனுப்புகிறோம். அதன் அகலம், அதாவது அது நீடிக்கும் நேரம், 1000 மைக்ரோ விநாடி (ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றால் ஒரு ஓரம், 2000 என்றால் மறு ஓரம், 1500 என்றால் நடு. சர்க்யூட் அந்த அகலத்தையும் திருகு சொல்லும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் இருந்தால் அந்தப் பக்கம் ஓட்டும், தீர்ந்ததும் நிறுத்தும்.

மேட்டைப் பிளேடால் சீவினேன். திருகின் மூன்று ஒயரையும் உருவிவிட்டு, அந்த இடத்தில் 2.2 கிலோ ஓம் மின்தடை இரண்டைப் பற்றவைத்து, நடு ஒயரை அவை சேரும் முனையில் கொடுத்தேன். இனி அந்தச் சர்க்யூட்டைப் பொறுத்தவரை தண்டு என்றென்றைக்கும் நடுவில்தான் இருக்கிறது. 1600 அனுப்பினால், ‘இன்னும் 100 போக வேண்டும்’ என்று புறப்படுகிறது. எத்தனை சுற்று சுற்றினாலும் அந்த 100 குறைவதில்லை. செக்குமாட்டுக்காவது கண்ணைக் கட்டியிருப்பார்கள். இதற்குக் கண்ணையே பிடுங்கிவிட்டோம். அதன் வேகம் என்று நாம் சொல்வது, அது ஒருபோதும் தீர்க்க முடியாத ஒரு வித்தியாசம்தான்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. காற்று எப்படி அடித்தாலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுற்றும் பழைய காற்றாலைகளில் இருப்பது நான்கு துருவ இண்டக்ஷன் ஜெனரேட்டர். ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைனில் 50 ஹெர்ட்ஸ். 50-ஐ 120-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 1500. நிமிடத்துக்கு மிகச் சரியாக 1500 சுற்றில் அந்த ஜெனரேட்டர் லைனுக்கு ஒன்றும் தராது. சற்று மேலே போனால் மின்சாரம் தரும். சற்றுக் கீழே இறங்கினால் லைனிலிருந்து இழுத்து மோட்டாராக மாறி, காற்றில்லாத ஊருக்கு விசிறி போடும். 1515-ஐ ஒட்டி வரும்போதே முழுச் சுமைக்குப் பக்கத்தில் வந்திருக்கும். அங்கே சுற்று, இங்கே மைக்ரோ விநாடி. 1500-உம் 50-உம் இரண்டிலும் வருவது தற்செயல்தான். ஆனால் அந்தப் பழக்கம் கைகொடுத்தது: 1500 என்ற எண் வேலை செய்வதில்லை, அதிலிருந்து விலகும் சிறு வித்தியாசம்தான் வேலை செய்கிறது, அந்த வித்தியாசத்துக்கான இடமோ மிகக் குறுகல்.

இனி ஊர்ந்த வண்டிக்கு வருகிறேன். பேத்தி எழுதியிருந்த கட்டளை ‘ரைட் 90’. அவள் வாயால் சொல்லிக் கேட்டபோது வலப்பக்கம் 90 டிகிரி திரும்பச் சொல்கிறாள் என்று நினைத்து அரை மணி நேரத்தை வீணாக்கினேன். அது ‘எழுது’ என்னும் ரைட். 0 முதல் 180 வரை கோணம் கொடுத்தால் ஆர்டுயினோவின் சர்வோ நிரல் நூலகம் (நமக்காக முன்பே எழுதிவைத்த நிரல்) அதைத் துடிப்பு அகலமாக மாற்றிக்கொள்கிறது. 90 என்றால் நடு, நடு என்றால் நிற்கும் என்று எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அந்த நூலகம் 0-க்கு 544 மைக்ரோ விநாடியும் 180-க்கு 2400 மைக்ரோ விநாடியும் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடு எது? காகிதத்தில் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். 1472. பேத்தி பேனாவைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அந்த எண்ணையே பார்த்தாள். “அப்படியென்றால் நான் நில் என்று சொல்லவே இல்லையே பாட்டா!”

சொல்லவில்லைதான். அதைவிட மோசம், கோணக் கணக்கில் ஒரு டிகிரி கூடினால் துடிப்பு 10 மைக்ரோ விநாடிக்குமேல் தாவுகிறது. வேகத்துக்கான இடமே குறுகல் என்கிறபோது, இவ்வளவு பெரிய படியில் ஏறினால் இடையில் இருப்பதெல்லாம் போய்விடும். அன்றோடு கோணக் கட்டளையை விட்டுவிட்டு, மைக்ரோ விநாடியையே நேராகக் கொடுக்கும் ‘ரைட் மைக்ரோசெகண்ட்ஸ்’ கட்டளைக்கு மாறினோம். இந்த வகை சர்வோவைக் கையில் எடுக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்து, உண்மையான நில் எங்கே இருக்கிறது என்று தேடினோம். சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி வைத்து, விளிம்பில் ஒரு வெள்ளை நூல்துண்டை ஒட்டினோம். 1450-இலிருந்து ஒவ்வொன்றாக ஏற்ற, சுற்று மெதுவாகி, மெதுவாகி, நூல் நிற்கும் எண்ணைக் குறித்தோம். மேலும் ஏற்றி, மறுபக்கம் நகரத் தொடங்கும் எண்ணையும் குறித்தோம். இடது மோட்டார் 1486 முதல் 1494 வரை அசையவில்லை. ஆக அதன் நில் 1490. நான் மாற்றியமைத்த வலது மோட்டாருக்கு 1508 முதல் 1519 வரை, ஏறத்தாழ 1513. நான் பற்றவைத்த மின்தடைகளில் தங்க வளையம், அதாவது 5 சதவீதம் முன்பின் இருக்கலாம். இரண்டும் சமம் என்று நான் நம்பினேன், அவ்வளவுதான். 1500 ஒருவருக்கும் பொருந்தவில்லை.

பிறகு வேகக் கணக்கு. ஓர் எண்ணைக் கொடுப்பது, அரை நிமிடத்தில் நூல் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுவது, இரண்டால் பெருக்குவது. பிள்ளை எண்ணினாள், நான் கடிகாரம் பார்த்தேன். இடது மோட்டாருக்கு, நில்லிலிருந்து 20 தள்ளிக் கொடுத்தபோது நிமிடத்துக்கு 14 சுற்று. 40-இல் 38. 60-இல் 62. 80-இல் 80. 100-இல் 94. அதற்கப்புறம் 150-இல் 106, 200-இல் 108, 300-இலும் அதே 108. 1000 முதல் 2000 வரை எவ்வளவு பெரிய மைதானம் என்று நினைத்திருந்தோம். விளையாட்டெல்லாம் நடுவில் ஒரு சின்னக் கட்டத்துக்குள்தான். இருபுறமும் நூறு நூறு, அதற்கு வெளியே முழு வேகம், அவ்வளவே.

ஏன் இப்படி என்று பிள்ளை கேட்டதற்கு, காதைப் பக்கத்தில் வைத்துக் கேள் என்றேன். 20 தள்ளிக் கொடுத்தபோது மோட்டார் டிரான்ஸ்ஃபார்மர்போல முனகியது. சாதாரண அனலாக் சர்வோவின் சர்க்யூட் ஒவ்வொரு துடிப்பிலும் வித்தியாசத்தை அளந்து, அதைப் பல மடங்கு நீட்டி, அவ்வளவு நேரம் மோட்டாருக்கு மின்சாரம் விடுகிறது. வித்தியாசம் சிறிதென்றால் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்ன உதை, விநாடிக்கு 50 உதை, அதுதான் முனகல். வித்தியாசம் 100-ஐ எட்டும்போது நீட்டிய நேரம் அடுத்த துடிப்பையே தொட்டுவிடுகிறது. மோட்டாருக்கு இடைவிடாமல் மின்சாரம். அதற்குமேல் கேட்டாலும் கொடுக்க ஒன்றுமில்லை. குறைந்த வேகத்தில் சக்கரத்துக்கு வலு இல்லாமல் போவதும் இதனால்தான். 14 சுற்றில் காற்றில் சுழன்ற சக்கரம் தரையில் வைத்ததும் முக்கிக்கொண்டு நின்றது. எனவே எங்கள் அட்டவணையில் 30-க்குக் கீழே உள்ளதை அடித்துவிட்டோம்.

இன்னொரு கூத்து. இரண்டு மோட்டாரும் எதிரெதிராகப் பார்த்துப் பொருத்தப்பட்டவை. இரண்டுக்கும் ஒரே திசையில் 60 கொடுத்ததும் வண்டி பம்பரமாகச் சுற்றியது. ஒன்றுக்குக் கூட்டினால் மற்றதற்குக் கழிக்க வேண்டும். இது பத்து நிமிடத்தில் தீர்ந்தது.

தீராதது பாட்டரிச் சிக்கல். வண்டி புறப்படும்போதெல்லாம் ஆர்டுயினோ மயங்கி விழுந்து மறுபடி தொடங்கியது. நிரலில் பிழை என்று பிள்ளை இரண்டு சனிக்கிழமை தேடினாள். எனக்கும் உறைக்கவில்லை, உறைத்திருக்க வேண்டும். நின்ற மோட்டார் புறப்படும் கணத்தில் இழுக்கும் மின்சாரம், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. காற்றாலையில் ஜெனரேட்டரை லைனோடு சேர்க்கும்போது இதே அதிர்ச்சி வரும் என்றுதான் தைரிஸ்டர் என்னும் மின்னணு ஸ்விட்ச் வைத்து மெல்லச் சேர்ப்போம். அதை 24 வருடம் செய்துவிட்டு, இங்கே இரண்டு மோட்டாருக்கும் ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்தே மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மோட்டார்களுக்குத் தனியாக நான்கு ரீசார்ஜ் செல், அதாவது 4.8 வோல்ட்; அதன் முனைகளில், திடீர் இழுப்புக்கு மின்சாரம் சேர்த்துவைக்க, ஒரு 470 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர்; இரண்டு பாட்டரியின் கழித்தல் முனைகளுக்கும் ஓர் இணைப்பு. கடைசியில் சொன்ன இணைப்பை மறந்தால் துடிப்புக்கு அர்த்தமே இருக்காது. சர்வோ பேய் பிடித்ததுபோல் உதறும். நிரலிலும் ஒரே தாவலில் 80-க்குப் போகாமல் 20 மில்லி விநாடிக்கு 4 வீதம் ஏற்றச் சொன்னேன். அரை விநாடிக்குள் வேகம் வந்துவிடுகிறது, பாட்டரியும் தலை சாயவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு வண்டி நேராகப் போனதா? போகவில்லை. நான்கு மீட்டர் தாழ்வாரத்தில் ஒரு முழம் விலகியது. தடம் தெரிவதற்காகச் சக்கரத்தை ஈரப்படுத்திக் கோலமாவில் உருட்டி ஓடவிட்டோம். சிவப்பு ஆக்சைடு தரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் வளைந்து போயின. “கோலம் போடுவதென்றால் இரண்டு பேரும் வாசலில் போய்ப் போடுங்கள்” என்றாள் வீட்டுக்காரி. அந்தக் கோட்டில் ஒரு செய்தி இருந்தது. கிழக்கே போகும்போது வண்டி வலப்பக்கம் விலகியது. அதே வண்டியைத் திருப்பி மேற்கே விட்டபோது இடப்பக்கம் விலகியது. இரண்டு முறையும் முற்றத்தின் பக்கம். மழைத் தண்ணீர் வடியட்டும் என்று கொத்தனார் வைத்த சரிவு! தரையின் குற்றத்தை மோட்டார்மேல் போட்டு அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தோம். நடு அறைக்கு மாறினோம். அங்கே எந்தப் பக்கம் விட்டாலும் இடப்பக்கமே விலகியது. இது மோட்டாரின் சொந்தக் குற்றம்.

அட்டவணை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அது அன்றைய பாட்டரிக்கும் அன்றைய சுமைக்கும்தான். சக்கரம் நிஜமாக எவ்வளவு சுற்றியது என்று யாராவது பார்த்துச் சொன்னால்தான் திருத்த முடியும். அதனால் பிடுங்கிய கண்ணை வெளியே திரும்ப வைத்தோம். அட்டையில் வட்டம் வெட்டி, எட்டு கருப்பு, எட்டு வெள்ளைப் பட்டை தீட்டிச் சக்கரத்தின் உட்பக்கம் ஒட்டினோம். எதிரில் அகச்சிவப்பு ஒளி அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்கும் சின்ன சென்சார். விநாடிக்கு எத்தனை பட்டை என்று எண்ணுவது முதலில் தோன்றிய வழி. நிமிடத்துக்கு 60 சுற்றில் விநாடிக்கு எட்டு கருப்புதான் வரும். எட்டா ஒன்பதா என்பதிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் பிசகும். எண்ணாமல், ஒரு கருப்புக்கும் அடுத்த கருப்புக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தோம்: 60 சுற்றில் 125 மில்லி விநாடி. அது 130 ஆனால் சக்கரம் மெதுவாகியிருக்கிறது, வித்தியாசத்தில் ஒரு மைக்ரோ விநாடி கூட்டு. 120 ஆனால் ஒன்று குறை. முதலில் பத்துப் பத்தாகத் திருத்தச் சொன்னேன். வண்டி கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன்போல இரண்டு பக்கமும் ஆடியது. ஒன்றொன்றாகத் திருத்தியபோது அடங்கியது. நான்கு மீட்டருக்கு இரண்டு விரல்கடை விலகல். அது எனக்குப் போதும், பிள்ளைக்குப் போதவில்லை.

அந்தச் சென்சாரை நடு அறையில் சோதித்துவிட்டு, பெருமையாக முற்றத்துக்குக் கொண்டுபோனோம். ஒரு பட்டையும் தெரியவில்லை. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டே! சென்சாருக்கு எங்கு பார்த்தாலும் வெள்ளை. கருப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒரு மறைப்புக் கட்டினோம். மேகம் போட்டால் வேலை செய்கிறது.

நிறுத்துவதற்கு ‘டிடாச்’ என்ற கட்டளையைக் கொடுத்துத் துடிப்பையே நிறுத்திவிடலாமே என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். எங்கள் அனலாக் சர்வோ அதற்கு ஓய்ந்துவிடுகிறது. சில டிஜிட்டல் சர்வோக்கள் கடைசியாகக் கேட்ட கட்டளையைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். மேசை விளிம்பில் சோதிக்க வேண்டாம்.

போன சனிக்கிழமை காலை 1490-இல் அமைதியாக நின்ற இடது சக்கரம், மதியம் இரண்டு மணிக்கு மறுபடி ஊர்ந்தது. தேடிப் பார்த்தால் அதன் நில் 1497-க்கு நகர்ந்திருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் மாறுகிறது, பாட்டரி இறங்குகிறது, அந்தச் சின்னச் சர்க்யூட்டின் நேரக் கணக்கும் கூடவே நகர்கிறது. ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரை இணைத்து எண்ணை மாற்ற வேண்டுமா என்று நான் சலித்துக்கொண்டேன்.

பேத்தி பேசாமல் எழுந்து போய் என் மேசை டப்பாவைக் கிளறினாள். பழைய சர்வோவிலிருந்து நான் பிடுங்கிப் போட்ட அந்தக் குட்டித் திருகு அதில் கிடந்தது. அதன் மூன்று காலிலும் ஒயர் பற்றவைத்து ஆர்டுயினோவில் செருகினாள். திருப்பினால் நில் எண் 20 கூடும் அல்லது 20 குறையும்படி நாலு வரி எழுதினாள். தண்டு விரலுக்கு அகப்படாத அளவு சிறியது என்பதால் ஒரு பேனா மூடியைச் செருகியிருக்கிறாள். வண்டியைத் தரையில் வைத்து, மூடியை மயிரிழை திருப்பினால், ஊர்கிற சக்கரம் நிற்கிறது.

“வலது மோட்டாருக்கு இன்னொன்று வேண்டும் பாட்டா” என்று அடுத்த சர்வோவைப் பிரிக்கச் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். திருப்புளியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.